கன்டூச்சி: இருமுறை சுட்ட இத்தாலியப் பாதாம் பிஸ்கட், முழுச் செய்முறை

இந்தப் பிஸ்கட்டில் வெண்ணெய் கிடையாது. எண்ணெய், பால், தண்ணீர் எதுவும் கிடையாது. மைதா, சர்க்கரை, முட்டை, தோலோடு முழுப் பாதாம், ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். செய்முறையை முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது. இரண்டு ஸ்பூன் வெண்ணெய் போட்டால் இன்னும் நன்றாக வருமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, போட்டும் பார்த்தேன். வெட்டும்போதே துண்டுகள் ஓரம் ஓரமாக உதிர்ந்தன. காபியில் தோய்த்த கொஞ்ச நேரத்தில் பாதி பிஸ்கட் டம்ளருக்கு அடியில் போய்விட்டது. வெண்ணெய் இல்லாமல் செய்த அடுத்த ஈடு, கடித்தால் சட்டென்று உடைந்தது, தோய்த்தால் ஊறியது, உருக்குலையவில்லை. அன்றிலிருந்து இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை: கன்டூச்சி கடினமாகத்தான் இருக்க வேண்டும். அதன் கடினத்தைக் குறைக்கச் செய்யும் எல்லா மாற்றமும் அதை வேறு பிஸ்கட்டாக ஆக்கிவிடும்.

எந்த ஊர், எந்தப் பிஸ்கட்

இத்தாலியில் பாதாம் பிஸ்கட் என்றால் ஒன்றல்ல. அமரெட்டி என்பது அரைத்த பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மாவே இல்லாமல் செய்வது. சரோன்னோ ஊரில் அது மொறுமொறுப்பு, லிகூரியா பகுதியின் சசெல்லோவில் மெத்தென்று இருக்கும். சியன்னா நகரத்து ரிச்சரெல்லி, மேலே தூள் சர்க்கரை பூசிய, கண் வடிவத்துப் பாதாம் பிஸ்கட். கன்டூச்சி இவற்றிலிருந்து வேறு. இதில் பாதாமை அரைப்பதில்லை. முழுசாகவே மாவில் போட்டு, நீளக் கட்டையாக ஒரு முறை சுட்டு, சூடு ஆறும் முன் துண்டு போட்டு, மறுபடி சுட வேண்டும்.

வெளிநாடுகளில் இதைப் பிஸ்கோட்டி என்கிறார்கள். இத்தாலியில் போய்ப் பிஸ்கோட்டி கேட்டால் எந்தப் பிஸ்கட் என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே எல்லாப் பிஸ்கட்டுக்கும் அதுதான் பொதுப்பெயர். 'இருமுறை சுட்டது' என்பது அந்தச் சொல்லின் மூலப் பொருள். இன்றைக்கு ஒரே முறை சுடுவதற்கும் அந்தப் பெயர்தான் என்றாலும், பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்வது கன்டூச்சிதான். நம் பேக்கரி ரஸ்க்கும் இதே வழியில்தான் வருகிறது: முதலில் ரொட்டி, அப்புறம் துண்டு, அப்புறம் மறுபடி அடுப்பு. ஈரம் முழுக்கப் போனால் பண்டம் நாள்பட நிற்கும். கப்பலில் போகிறவர்களுக்கும் படைவீரர்களுக்கும் ரொட்டியை இருமுறை சுட்டுக் கொடுத்தது அதற்காகத்தான்.

கன்டூச்சியின் வீடு, டஸ்கனி மாநிலத்தில் புளோரன்ஸுக்குப் பக்கத்திலிருக்கும் பிராட்டோ. துணி நெசவுக்குப் பேர்போன ஊர். 1858ல் அன்டோனியோ மட்டேயி அங்கே ஒரு பிஸ்கட் கடை தொடங்கினார். 1867ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய பிஸ்கட்டுக்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. நீலக் காகிதப் பையில் நூல் கட்டி விற்கும் அந்தக் கடை இன்றும் நடக்கிறது. கன்டூச்சி என்ற பெயர் அவருக்கு முன்பே இருந்ததுதான். புளோரன்ஸின் குரூஸ்கா மொழிக்கழகம் 1691ல் வெளியிட்ட அகராதியில், நயமான மாவில் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்த துண்டு பிஸ்கட் என்று பொருள் போட்டிருக்கிறார்கள். அந்த வரியில் பாதாமைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்று நாம் அறிந்த பாதாம் வடிவத்தை ஊர் ஊராகப் பிரபலப்படுத்தியது மட்டேயி கடை. அங்கே மைதா, சர்க்கரை, முட்டை, பாதாம், பைன் கொட்டை தவிர வேறெதுவும் சேர்ப்பதில்லை. உப்பவைக்கும் பவுடர்கூட இல்லை.

இதோடு இன்னொரு வகையும் உண்டு. 'டஸ்கனி கன்டூச்சி' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் நம் புவிசார் குறியீடு போன்ற ஒரு பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது. அந்த விதிமுறையில் வெண்ணெயும் தேனும் வருகின்றன. அதுவும் நல்ல பிஸ்கட்தான், கொஞ்சம் இளக்கமாக இருக்கும். நான் சொல்லித்தரப் போவது பிராட்டோ வழி. என் வீட்டு ஓவனில் பலமுறை செய்து அளவுகளை நம் முட்டைக்கும் நம் மைதாவுக்கும் தகுந்தபடி சரிசெய்து வைத்திருக்கிறேன்.

என்னென்ன வேண்டும்

இது ஏறக்குறைய 45 துண்டுகளுக்கான அளவு. தயவுசெய்து தராசில் எடை போடுங்கள். கப் கணக்கில் மைதாவை அள்ளினால் ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது கிராம் கூடும், குறையும். வேறு கொழுப்போ திரவமோ இல்லாத இந்த மாவு அதைத் தாங்காது.

மைதா 250 கிராம்
சர்க்கரை 170 கிராம்
முட்டை, ஓடு நீக்கி 120 கிராம்
தோலோடு முழுப் பாதாம் 130 கிராம்
பைன் கொட்டை 30 கிராம் (இல்லாவிட்டால் பாதாமையே 150 கிராம் ஆக்கிவிடலாம்)
உப்பு கால் டீஸ்பூன்
பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன் (விருப்பம் இருந்தால் மட்டும்)

முட்டையை ஏன் கிராமில் சொல்கிறேன் என்றால், இத்தாலியச் செய்முறைகளில் 'இரண்டு முட்டை, ஒரு மஞ்சள் கரு' என்று இருப்பது அவர்கள் ஊர்ப் பெரிய முட்டைக்கு. நம் கடையில் வாங்கும் முட்டை ஓடு நீக்கினால் சுமார் 44 கிராம்தான் தேறும். எண்ணிக்கையை நம்பி இரண்டும் ஒரு மஞ்சள் கருவும் போட்டால் மாவு ஒன்றுசேராமல் பொடிப்பொடியாக நிற்கும். அதனால் மூன்று முட்டையை உடைத்து, முள்கரண்டியால் நன்றாகக் கலக்கி, அதிலிருந்து 120 கிராம் அளந்து எடுங்கள். அடியில் ஒரு டேபிள் ஸ்பூன் போல மிஞ்சும். அதைக் கொட்ட வேண்டாம், மேலே பூச வேண்டும். முட்டை குளிர்ச்சி இல்லாமல், வெளியே எடுத்து வைத்ததாக இருக்கட்டும்.

முட்டையில்லாமல் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பிஸ்கட்டில் ஈரம், பிடிப்பு, உப்பல், நிறம் நான்கும் முட்டையிலிருந்துதான் வருகின்றன. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கன்டூச்சி இல்லை. முட்டை சேர்க்காதவர்களுக்கு வேறு நல்ல பிஸ்கட்டுகள் இருக்கின்றன.

மைதா சாதாரணக் கடை மைதாவே போதும். இத்தாலியில் இரண்டு சைபர் போட்ட நயமான மாவைப் பயன்படுத்துவார்கள், அதற்கு நம் மைதா மிக நெருக்கம். கோதுமை மாவு வேண்டாம். அதிலுள்ள தவிடு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மாவை இறுக்கிவிடும். சர்க்கரையை மிக்ஸியில் இரண்டே சுற்று சுற்றுங்கள். நம் சர்க்கரை பெரிய மணியாக இருப்பதால் அப்படியே போட்டால் முட்டையில் கரைய நேரம் எடுக்கும். பவுடராகவும் அரைத்துவிடாதீர்கள். அங்கங்கே கொஞ்சம் கரையாமல் நிற்கும் மணிகள்தான் மேல்தோலுக்கு அந்தச் சின்ன நறநறப்பைக் கொடுக்கின்றன.

பாதாம் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தோலை உரிக்காதீர்கள், ஊறவைக்காதீர்கள், வறுக்காதீர்கள். இரண்டு முறை ஓவனுக்குள் போகப்போகிறது. முதல் தடவை மாவுக்குள் புதைந்து பதமாக வேகும், இரண்டாம் தடவை வெட்டிய முகம் நேராகச் சூட்டைப் பார்த்து வறுபடும். முன்கூட்டியே வறுத்தால் கடைசியில் கசப்பு தட்டும். தோல் இருந்தால் மாவு அதைப் பிடித்துக்கொள்ளும், துண்டில் பழுப்புக் கோடு போட்ட வெள்ளை முகமும் அழகாகத் தெரியும். வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள். பழைய எண்ணெய் வாசம் லேசாக வந்தாலும் அந்தப் பாக்கெட் வேண்டாம். வேறு வாசனையே சேர்க்காத பிஸ்கட்டில் அதை மறைக்க இடமில்லை. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது கலிபோர்னியா பாதாம். அது போதும்.

பாதாம் எசன்ஸ் ஊற்றவே ஊற்றாதீர்கள். பாட்டிலில் வரும் அந்த வாசம் கசப்புப் பாதாமின் வாசம். அமரெட்டிக்கு அது பொருந்தும், அமரெட்டி என்ற பெயரே கசப்பு என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். கன்டூச்சியில் இருக்க வேண்டியது இனிப்புப் பாதாமின் மென்மையான வறுவல் மணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அசல் வாசம் வேண்டும் என்று கசப்புப் பாதாமையோ ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பையோ பச்சையாக வாங்கிப் போடாதீர்கள். அவற்றிலிருந்து சயனைடு உருவாகும்.

பேக்கிங் பவுடர் இல்லாமலே வரும். ஆனால் முட்டையை நன்றாக அடிக்க வேண்டும். கையால் அடிப்பவர்கள், முதல் முறை செய்பவர்கள் கால் டீஸ்பூன் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் துண்டில் பெரிய பெரிய ஓட்டைகள் விழும், வெட்டும்போது அங்கேதான் உடையும்.

ஓவனைத் தயார்செய்தல்

மேல் கீழ் இரண்டு கம்பிகளும் எரியும்படி வைத்து, 180 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் சூடாக்குங்கள். ட்ரே நடுத்தட்டில் இருக்க வேண்டும். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 160 போதும். வீட்டு ஓவன்களில் திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். என் ஓவனுக்குள் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்துப் பார்த்தபோது 180 என்று திருகினால் உள்ளே 200 இருந்தது. அதுவரை அடி கருகியதற்கெல்லாம் செய்முறையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தெர்மாமீட்டர் பெரிய செலவில்லை, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ட்ரேயில் பட்டர் பேப்பர் விரியுங்கள். இந்த மாவில் கொழுப்பு இல்லை என்பதால் பேப்பர் இல்லாவிட்டால் நிச்சயம் ஒட்டும்.

மாவு சேர்த்தல்

அளந்த முட்டையையும் சர்க்கரையையும் உப்பையும் அகலமான பாத்திரத்தில் போட்டு அடியுங்கள். மின்சார பீட்டர் என்றால் 4 நிமிடம், கைவிஸ்க் என்றால் 8 நிமிடம். ஆரஞ்சு நிறத்தில் தொடங்குவது மெல்ல வெளுத்து, வெளிர் மஞ்சளாகிக் கெட்டிப்படும். விஸ்க்கைத் தூக்கினால் வழியும் கோடு ஒரு கணம் மேலே நின்று அப்புறம் மறைய வேண்டும். கேக்குக்கு அடிப்பது போல் நுரைத்துப் பொங்கும் வரை போக வேண்டாம். கொஞ்சம் காற்று போதும்.

மைதாவை, பவுடர் சேர்ப்பதானால் அதோடு சேர்த்துச் சலித்து, இரண்டு தடவையாகப் போட்டு மரக்கரண்டியால் கலக்குங்கள். மாவு வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியும்போதே, கொஞ்சம் மீதி இருக்கையிலேயே, பாதாமையும் பைன் கொட்டையையும் போட்டுவிடுங்கள். அப்புறம் கையால் மடித்து மடித்துச் சேருங்கள். சப்பாத்தி மாவு போல் பிசையக் கூடாது. அழுத்திப் பிசைந்தால் மாவு இழுவை கட்டி, சுட்டபின் வெறும் கடினமாக, பல்லுக்குக் கொடுமையாக இருக்கும். நான் சொல்லும் கடினம் சட்டென்று உடையும் கடினம், கல் மாதிரி இருப்பது வேறு.

இந்தக் கட்டத்தில் மாவு விரலெல்லாம் ஒட்டும். இங்கேதான் பலர் பதறி ஒரு பிடி மைதாவை அள்ளிப் போடுவார்கள். வேண்டாம். கையைத் தண்ணீரில் நனைத்து உதறிக்கொண்டால் ஒட்டாது. பத்து நிமிடம் அப்படியே மூடி வைத்தால் மைதா ஈரத்தை இழுத்துக்கொண்டு கொஞ்சம் வசப்படும்.

கட்டை உருட்டுதல்

மாவை மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 230 கிராம் அளவுக்கு வரும். ஈரக் கையால் பட்டர் பேப்பரின் மேலேயே 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு உருட்டி, மேலே லேசாகத் தட்டி, 4 சென்டிமீட்டர் அகலமும் 2 சென்டிமீட்டர் உயரமுமாக ஆக்குங்கள். சுடும்போது இது பக்கவாட்டில் பரவி 6 சென்டிமீட்டர் வரை போகும். அதனால் கட்டைகளுக்கு நடுவே நான்கு விரல் இடம் விடுங்கள். சின்ன ஓவன் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு கட்டைதான், மூன்றாவது ஃபிரிட்ஜில் காத்திருக்கட்டும்.

பாதாம் ஒரே இடத்தில் கும்பலாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வெளியே துருத்திக்கொண்டிருப்பதை உள்ளே அழுத்திவிடுங்கள். வெளியில் நிற்கும் பாதாம் கருகும், கத்தி அதில் பட்டால் கட்டையையே பிளந்துவிடும். மிச்சமிருந்த முட்டையை மேலேயும் பக்கத்திலேயும் மெல்லியதாகப் பூசுங்கள். பிராட்டோ பிஸ்கட்டின் மேல்தோல் பளபளவென்று தேன் நிறத்தில் இருப்பது இந்தப் பூச்சினால்.

முதல் சூடு

180 டிகிரியில் 20 முதல் 24 நிமிடம். பதினெட்டாவது நிமிடத்திலிருந்து கண் வையுங்கள். மேலே வெளிர் பொன்னிறம், நீளவாட்டில் ஒன்றிரண்டு மெல்லிய வெடிப்பு, நடுவில் விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கி மீண்டு வரும் பதம். இதுதான் எடுக்க வேண்டிய நேரம். விரல் பட்ட பள்ளம் அப்படியே நின்றால் இன்னும் 3 நிமிடம். நன்றாகச் சிவக்கும் வரை விட்டுவிடாதீர்கள். இரண்டாம் சூடு இன்னும் பாக்கி இருக்கிறது. இப்போதே மேல்தோல் இறுகினால் கத்தி இறங்காது.

வெட்டுதல்

இந்தப் பிஸ்கட்டில் வெற்றியும் தோல்வியும் இந்த ஐந்து நிமிடத்தில்தான். அதனால் ஒவ்வொரு அசைவாகச் சொல்கிறேன்.

ட்ரேயை வெளியே எடுத்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். 7 நிமிடம் கட்டையைத் தொடக் கூடாது. அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் ஆவி வெளியேறி, மாவு ஒரு வடிவத்தில் நிலைபெறும். எடுத்தவுடன் வெட்டினால் உள்பக்கம் பசைபோல் கத்தியில் ஒட்டி இழுபடும். இருபது நிமிடம் கழித்து வெட்டினால் சர்க்கரை இறுகி, கத்தி வைத்ததும் துண்டு மூன்றாகச் சிதறும். ஒரு தடவை முதல் கட்டையை வெட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ கூப்பிட, பேசிவிட்டுத் திரும்பி வருவதற்குள் மற்ற இரண்டும் ஆறிப்போயின. அவற்றில் முழுசாகத் தேறியது பாதிகூட இல்லை. அதிலிருந்து வெட்டத் தொடங்கினால் நடுவில் எழுந்து போவதில்லை.

ஏழு நிமிடம் ஆனதும் ஒரு கட்டையை மட்டும் வெட்டுப் பலகைக்கு மாற்றுங்கள். மற்றவை சூட்டு ட்ரேயிலேயே இருக்கட்டும், ஆறுவது தாமதமாகும். கட்டை இன்னும் சுடும், இடது கைக்கு மடித்த துணி வேண்டும். பல் வைத்த பிரெட் கத்தியைக் கட்டையின் குறுக்கே சாய்வாக வையுங்கள். முதலில் மேல்தோலை மட்டும் முன்னும் பின்னுமாக இரண்டு முறை அறுங்கள், அழுத்தமே கூடாது. தோல் பிளந்ததும் கத்தியை ஒரே அழுத்தாகக் கீழே இறக்குங்கள். நடுவில் பாதாம் தடுக்கும். அப்போது திரும்ப அறுக்கப் போனால் பாதாம் பெயர்ந்து வந்துவிடும், கூடவே மாவையும் இழுத்து வரும். கத்தியின் முதுகில் இன்னொரு உள்ளங்கையை வைத்து நேராக அழுத்தினால் பாதாம் 'கடக்' என்று வெட்டுப்படும். அந்தச் சத்தம் கேட்டால் துண்டு சுத்தமாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

துண்டு ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன் இருக்கலாம். அதற்கு மெலிந்தால் இரண்டாம் சூட்டில் பொரிந்த அப்பளம் போல் ஆகிவிடும், தடித்தால் நடுவில் ஈரம் நிற்கும். சாய்வாக வெட்டுவது அழகுக்கு மட்டுமல்ல. நேராக வெட்டினால் வரும் துண்டை விட நீளமாக வரும், கையில் பிடித்துத் தோய்க்க வசதி. எவ்வளவு சாய்க்கிறீர்களோ அவ்வளவு நீளம். நான் ரொம்பச் சாய்ப்பதில்லை.

இரண்டாம் சூடு

ஓவனை 150க்குக் குறையுங்கள். ஃபேன் ஓவன் என்றால் 135. இப்போது நமக்கு வேண்டியது நிறம் இல்லை, ஈரம் போவது. சூடு அதிகமிருந்தால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும், மறுநாள் அந்த ஈரம் வெளியே வந்து பிஸ்கட் முழுக்கத் தளர்ந்துவிடும்.

துண்டுகளை வெட்டிய முகம் மேலே பார்க்கும்படி படுக்கவைத்து 8 நிமிடம், திருப்பிப்போட்டு இன்னும் 8 நிமிடம் என்பது வழக்கமான முறை. நான் வேறு மாதிரி செய்வேன். கட்டையில் இருந்தபடியே துண்டுகளை நிமிர்த்தி, ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்திவிடுவேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காய்ந்துவிடும், திருப்ப வேண்டிய வேலை மிச்சம். இதற்கு 16 முதல் 18 நிமிடம் ஆகும்.

ஓவனிலிருந்து எடுக்கும்போது நடுவில் தொட்டால் இன்னும் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். பயப்பட வேண்டாம். ஆறும்போது சர்க்கரை இறுகித்தான் பிஸ்கட் கெட்டியாகும். சந்தேகமாக இருந்தால் ஒன்றை மட்டும் வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். நறுக்கென்று உடைந்தால் முடிந்தது. வளைந்து உடைந்தால் மற்றவற்றுக்கு இன்னும் 5 நிமிடம். பிறகு எல்லாவற்றையும் கம்பித் தட்டில் முழுக்க ஆறவிடுங்கள். சூடான ட்ரேயிலேயே விட்டால் அடியில் வியர்க்கும்.

தவறினால் எங்கே பார்ப்பது

கட்டை தோசை மாதிரி பரவிவிட்டால், முட்டை அளவு கூடியிருக்கும், அல்லது ஓவன் சரியாகச் சூடேறும் முன்பே உள்ளே வைத்திருப்பீர்கள். வெட்டும்போது பொடியாக உதிர்ந்தால் மைதா கூடியிருக்கும், இல்லையென்றால் முதல் சூடு நேரம் நீண்டிருக்கும். ஆறியபின் கல்லாக இருந்தால் பிசைந்ததுதான் காரணம், வேறெங்கும் தேட வேண்டாம். அடி கருகி மேலே வெளுத்திருந்தால் ட்ரேக்கு அடியில் இன்னொரு ட்ரே வைத்துச் சுட்டுப் பாருங்கள். கீழ்க்கம்பியின் வேகம் குறையும்.

எடுத்து வைத்தல்

முழுக்க ஆறியபின் இறுக்கமாக மூடும் டின்னில் போட்டால் மூன்று வாரம் தாராளமாக நிற்கும். முதல் நாளை விட இரண்டாம் நாள் எனக்கு இன்னும் பிடிக்கும், பாதாம் மணம் மாவில் இறங்கியிருக்கும். ஆனால் டஸ்கனியின் உலர்ந்த காற்று நமக்கில்லை. கடற்கரை ஊர்களில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், சர்க்கரை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தட்டில் இரவு முழுக்கத் திறந்திருந்த கன்டூச்சி காலையில் தளர்ந்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். 130 டிகிரியில் 8 நிமிடம் வைத்து ஆறவிட்டால் பழையபடி மொறுமொறுப்பாகிவிடும். வெண்ணெய் இல்லாததன் இன்னொரு லாபம் இது: சிக்குவாசம் வர அதில் சேர்த்த கொழுப்பே இல்லை, பாதாமின் எண்ணெய் மட்டும்தான்.

தோய்த்துச் சாப்பிடுதல்

டஸ்கனியில் சாப்பாடு முடிந்தபின் கன்டூச்சியோடு வின் சான்டோ என்ற இனிப்பு வைனைச் சின்னக் கண்ணாடி டம்ளரில் கொடுப்பார்கள். டிரெப்பியானோ, மல்வசியா திராட்சைகளைப் பறித்து, காற்றோட்டமான பரணில் மாதக்கணக்கில் தொங்கவிட்டோ பாயில் பரப்பியோ உலர்த்தி, பிழிந்து, சின்ன மரப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைத்தெடுப்பது அந்த வைன். நல்ல வின் சான்டோவில் பிஸ்கட்டைத் தோய்ப்பது வைனுக்குச் செய்யும் அவமரியாதை என்று வாதிடுபவர்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். தோய்க்காமல் என்ன கன்டூச்சி என்பவர்களும் இருக்கிறார்கள்.

வைன் குடிக்காத வீட்டில் காபிதான். சர்க்கரை குறைத்த, டிகாக்‌ஷன் தூக்கலான காபி. பிஸ்கட்டின் ஒரு முனையை உள்ளே விட்டு மூன்று எண்ணுங்கள். வெட்டிய முகத்தின் நுண்ணிய துளைகளில் காபி ஏறும், ஓரத்துத் தோல் மட்டும் கெட்டியாகவே நிற்கும். கடித்தால் முதலில் தோல், அப்புறம் ஊறிய மாவு, கடைசியில் பாதாம். ஐந்துக்கு மேல் எண்ண வேண்டாம்.

ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு முனைகள் வெட்டும்போது முக்கோணமாக ஒதுங்கும். விருந்தினர் தட்டில் வைக்க லாயக்கில்லை என்று எறிந்துவிடாதீர்கள். அவற்றையும் ட்ரேயின் ஒரு மூலையில் வைத்துச் சுடுங்கள். மேல்தோல் அதிகம் உள்ள துண்டுகள் என்பதால் மற்றவற்றை விட மொறுமொறுப்பாக வரும். டஸ்கனிப் பேச்சில் கன்டூச்சோ என்றால் ரொட்டியின் ஓரத்தில் தோல் நிறைந்து நிற்கும் முனைத் துண்டு. பெயருக்கே உரியவை இந்த ஆறு துண்டுகள்தான். எங்கள் வீட்டில் இவை டின்னுக்குப் போவதில்லை, சூடு ஆறும்போதே சுட்டவருடைய கைக்குப் போய்விடும்.